கிணற்றின் ஆழமும் மின்சாரத்தின் தேவையும்: சேலம், நாமக்கல் சமவெளியின் மின் வரலாறு

மின்வாரியங்கள் வருங்கால மின்தேவையைக் கணிக்கும்போது மக்கள்தொகை, குடும்ப வருமானம், தொழில் உற்பத்தி ஆகிய மூன்றையும் அடிப்படையாகக் கொள்வது வழக்கம். இவை வளரும் வேகத்தில் தேவையும் வளரும் என்ற எண்ணத்தின் மேல்தான் அந்தக் கணக்கு எழுப்பப்படுகிறது. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளியில் கடந்த 90 ஆண்டுகளாக நடந்துவந்ததை வரிசையாக வைத்துப் பார்த்தால், அந்த அடிப்படை போதாது என்பது தெளிவாகிறது. கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் கிடந்தது, கட்டணம் எந்த முறையில் வசூலிக்கப்பட்டது, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடும்படி மின்சாரம் வந்தது, மின்வாரியத்தை எதிர்பாராமல் தொழிலை நடத்த வேறு வழி இருந்ததா என்ற கேள்விகளுக்குக் காலந்தோறும் கிடைத்த விடைகளே இப்பகுதியின் மின்தேவையை ஏற்றியும் இறக்கியும் வந்திருக்கின்றன.

காவிரியின் குறுக்கே மேட்டூரில் 1925இல் தொடங்கிய அணைப் பணி 1934இல் நிறைவடைந்து, அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஸ்டான்லியின் பெயரைத் தாங்கிய நீர்த்தேக்கம் அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம் திறந்துவைக்கப்பட்டது. அணையின் முதல் நோக்கம் தஞ்சைப் பாசனமே. மின்சாரம் அதற்கு அடுத்த இடத்தில்தான் இருந்தது. அணை நின்ற சேலம் மாவட்டத்திற்கு அதன் நீரில் கிடைத்த பங்கு மிகச் சிறியது. பின்னாளில் வெட்டப்பட்ட மேட்டூர் கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்கள் சேலம், நாமக்கல், ஈரோடு ஆகிய மூன்று மாவட்டங்களுக்கும் சேர்த்துப் பாய்ச்சுவது 45,000 ஏக்கர் மட்டுமே. ஜேடர்பாளையத்தில் பிரியும் ராஜவாய்க்காலும் அதன் கிளைகளும் ஆற்றோரத்தில் ஒரு பட்டையை நனைக்கின்றன. எஞ்சிய பெருநிலப்பரப்பு, ஓமலூரிலிருந்து ராசிபுரம் வரையிலும் ஆத்தூரிலிருந்து திருச்செங்கோடு வரையிலும், கிணற்றையும் ஏரியையும் நம்பிய மேட்டுக்காடாகவே இருந்தது. ஆற்று நீர் இந்த நிலத்திற்கு ஏறவில்லை. அந்த நீர் விழுந்து சுழற்றிய சக்கரங்களின் மின்சாரம் கம்பி வழியாக வந்து, பாறைக்கடியில் இருந்த நீரை மேலேற்றியது. பிற்காலத் தேவையின் தன்மை முழுவதையும் இந்த ஏற்பாடே வகுத்துக்கொடுத்தது எனலாம்.

மேட்டூர் அணை மின்நிலையத்தில் 10 மெகாவாட் திறன் கொண்ட நான்கு இயந்திரங்கள் 1937 முதல் 1946 வரை ஒவ்வொன்றாக இயங்கத் தொடங்கின. (மெகாவாட் என்பது ஒரே நேரத்தில் தரக்கூடிய திறனின் அளவு; ஒரு கிலோவாட் திறன் ஒரு மணி நேரம் பயன்பட்டால் அது ஒரு யூனிட்; ஆயிரம் கிலோவாட் சேர்ந்தது ஒரு மெகாவாட்.) பாசனத்திற்காக ஜூன் 12 அன்று திறந்து ஜனவரி 28 அன்று மூடுவது அணையின் மரபாகிவிட்டதால், மின் உற்பத்தியும் அந்த நாட்காட்டிக்குக் கட்டுப்பட்டது, கோடையில் மடை அடைபட்டிருக்கும் மாதங்களில் மேட்டூரால் தனித்து நிற்க முடியவில்லை. நீலகிரியில் 1930களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கியிருந்த பைக்காரா மின்நிலையத்தின் கம்பித்தடமும் மேட்டூரின் கம்பித்தடமும் ஈரோட்டில் இணைக்கப்பட்டதற்கு இது முக்கியமான காரணம். ஒன்று வற்றும்போது மற்றொன்று கைகொடுக்கும் வகையில் பல நிலையங்களையும் கம்பித்தடங்களையும் ஒன்றாகப் பிணைப்பதையே மின்கட்டமைப்பு என்கிறோம். தமிழகத்தில் அத்தகைய கட்டமைப்பின் தொடக்கங்களுள் ஒன்று ஈரோட்டில் நிகழ்ந்த இந்த இணைப்பு.

அன்றைய மின்துறையின் கவலை இன்றைய கவலைக்கு நேர் எதிரானது. வாங்குவோர் இல்லாத மின்சாரத்தை யாரிடம் விற்பது என்பதே அப்போது கேள்வியாக இருந்தது, ஏனெனில் அணையில் விழும் நீர் மின்சாரமாக மாறினாலும் மாறாவிட்டாலும் தஞ்சைக்குப் போய்விடும். சேலம், ஈரோடு நகரங்களில் சேலம் ஈரோடு மின் விநியோகக் கம்பெனி என்ற தனியார் நிறுவனம் அரசிடம் மொத்தமாக மின்சாரம் வாங்கி வீடுகளுக்கும் கடைகளுக்கும் விநியோகித்துவந்தது; தனியார் மின் விநியோக நிறுவனங்களைக் கையகப்படுத்தும் சட்டம் 1973இல் வரும்வரை இத்தகைய உரிமம் பெற்ற கம்பெனிகள் மாநிலத்தின் பல ஊர்களில் இருந்தன. ஆனால் விளக்குகளும் விசிறிகளும் எடுத்துக்கொண்ட மின்சாரம் கொஞ்சமே. பெருமளவில் மின்சாரம் உண்ணும் தொழிலை அணையின் அருகிலேயே அமைத்தால்தான் மின்நிலையம் நிலைக்கும் என்ற நிலையில், 1936இல் உருவான மேட்டூர் கெமிக்கல் நிறுவனம் உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்திக் காஸ்டிக் சோடா பிரித்தெடுக்கும் தொழிலை மேட்டூரில் வேரூன்றச் செய்தது. இந்தத் தொழிலில் மின்சாரம் வெறும் இயக்குசக்தியாக இருப்பதில்லை; உப்பைப் போலவே அதுவும் ஒரு மூலப்பொருள். ஆகவே மின்கட்டணம் கூடினால் தொழிலே ஆட்டம் காணும், மின்சாரம் தடைபட்டால் உற்பத்தி அந்தக் கணமே நிற்கும். மேட்டூரின் அடுத்த அறுபது ஆண்டுக் கதையில் இந்தப் பண்பு திரும்பத் திரும்பத் தலைகாட்டும்.

கிராமப்புறத்தில் மின்சாரம் இடம்பிடித்த விதம் வேறு. அதற்கு முன் இச்சமவெளியின் கிணறுகளில் கவலை ஓடியது. கிணற்று மேட்டிலிருந்து சரிந்து இறங்கும் வாரியில் ஒரு ஜோடி மாடுகள் கீழ்நோக்கி நடந்து வடத்தை இழுக்க, அடிப்பக்கம் தோல் வால் பொருத்தப்பட்ட சால் நீரை முகந்து மேலே வந்து, வாலின் முனை தாழ்ந்ததும் நீரைத் தொட்டியில் கொட்டிவிடும். மாடுகள் பின்னோக்கி நடந்து மேடேற, சால் மறுபடி கிணற்றுக்குள் இறங்கும். விடியலுக்கு முன் பூட்டி வெயில் ஏறும்வரை ஓட்டினாலும் ஒரு ஜோடி மாட்டால் நாளொன்றுக்கு அரை ஏக்கருக்கு மேல் பாய்ச்சுவது கடினம். 30, 40 அடிக்குக் கீழே நீர் இறங்கிவிட்டால் வாரியின் நீளமும் மாட்டின் மூச்சும் போதாமல் கவலை நின்றுவிடும். உழவர் எடுக்கும் நீருக்கும் ஊற்றில் ஊறும் நீருக்கும் இடையே ஓர் இயல்பான வரம்பைக் கவலை காத்துவந்தது என்பதும், அந்த வரம்பு மாட்டின் உடல்வலிமையால் விதிக்கப்பட்டது என்பதும் கவனிக்கத்தக்கவை.

ஐந்து குதிரைத்திறன் மோட்டார் அந்த வரம்பை ஒரே நாளில் நீக்கிவிட்டது. 1948ஆம் ஆண்டின் மின்வழங்கல் சட்டத்தின்படி 1957இல் அமைக்கப்பட்ட சென்னை மாநில மின்வாரியம் கிராமங்களுக்குக் கம்பி இழுப்பதைத் தன் முதன்மைப் பணியாக எடுத்துக்கொண்டது. மாநிலம் முழுவதிலும் 1951இல் சுமார் 14,000ஆக இருந்த மின்சாரப் பம்புசெட்டுகளின் எண்ணிக்கை 1971இல் 5 லட்சத்தைத் தாண்டியது. கிணற்றுப் பாசனம் மிகுந்த கோவை, சேலம் மாவட்டங்கள் அந்த வளர்ச்சியில் முன்வரிசையில் நின்றன. இந்த வேகத்தை மக்கள்தொகையின் பெருக்கத்தாலோ வருமானத்தின் உயர்வாலோ விளக்க முடியாது. கம்பி எட்டிய ஊரிலெல்லாம் கவலை மறைந்தது, கவலைக்காக வளர்த்த மாடுகள் விற்கப்பட்டன, திரும்பிப் போகும் வழி அடைபட்டது. ஒருமுறை மோட்டாருக்கு மாறிய குடும்பத்திற்கு மின்சாரம் உழவின் முதல் நிபந்தனையாகிவிட்டது.

அடுத்த கட்டம் ஆழத்தின் கட்டம். சேலம், நாமக்கல் நிலத்தின் அடியில் இருப்பது சார்னோகைட், நைஸ் வகைக் கடும்பாறை; மணற்படுகையைப் போல அது நீரைத் தேக்கிவைப்பதில்லை. மேலே சிதைந்த பாறையடுக்கிலும் கீழே ஆங்காங்கே உள்ள வெடிப்புகளிலும் தங்கும் நீர்தான் கிணற்றுக்கு வருகிறது. மோட்டார்கள் பெருகியதும் மேலடுக்கு வற்றியது. உழவர்கள் வெடிவைத்துக் கிணற்றை ஆழப்படுத்தினார்கள். பின்னர் கிணற்றின் சுவரில் பக்கவாட்டில் துளையிட்டு ‘சைடு போர்’ போட்டார்கள். அதன் பின் கிணற்றின் அடியிலேயே ஆழ்துளை இறக்கினார்கள். கடைசியில் கிணற்றைக் கைவிட்டு 500 அடி, 800 அடி, 1,000 அடி என்று போர் போடத் தொடங்கினார்கள். இந்தத் தேடலே திருச்செங்கோட்டை இந்தியாவின் ஆழ்துளைக் கிணறு தோண்டும் தொழிலின் தலைநகராக்கியது. அவ்வூரின் ரிக் வண்டிகள், அதாவது பாறையைத் துளைக்கும் கருவியைச் சுமந்த லாரிகள், இன்று வடமாநிலங்கள் வரை சென்று தொழில் செய்கின்றன. அந்தத் தொழிலின் முதல் பயிற்சிக்களம் தன் சொந்த மண்ணின் வற்றிய கிணறுகளே.

ஆழத்திற்கும் மின்சாரத்திற்கும் உள்ள உறவு இயற்பியலின் எளிய கணக்கு. ஆயிரம் லிட்டர் நீரை 10 மீட்டர், அதாவது சுமார் 33 அடி, உயர்த்துவதற்குத் தேவைப்படும் ஆற்றல் ஒரு யூனிட்டில் நூற்றில் மூன்று பங்குக்கும் சற்றுக் குறைவு. அதே நீரை 200 மீட்டர் ஆழத்திலிருந்து கொண்டுவர அரை யூனிட்டுக்கு மேல் வேண்டும். மோட்டாரிலும் பம்பிலும் குழாயிலும் ஆற்றலில் பாதி வீணாகும் என்று கொண்டால் ஒரு யூனிட்டைத் தாண்டிவிடும். அதாவது பயிரும் பரப்பும் மாறாமல், ஒரு சொட்டு நீர்கூட அதிகம் பாய்ச்சாமல், நீர்மட்டம் இறங்கிய ஒரே காரணத்தால் மின்தேவை இருபது மடங்காக முடியும். உற்பத்தி வளராமல் தேவை மட்டும் வளரும் இந்த நிலையை வழக்கமான கணிப்பு முறைகள் எளிதில் கண்டுகொள்வதில்லை. நீர்வள ஆய்வாளர்கள் இவ்விரு மாவட்டங்களின் பல ஒன்றியங்களை அளவுக்கு மீறி நீர் எடுக்கப்பட்ட பகுதிகளாக வகைப்படுத்தியிருக்கிறார்கள். அந்த வகைப்பாட்டை மின்தேவை பற்றிய முன்னறிவிப்பாகவும் படிக்க வேண்டும்.

ஆழம் கூடியபோது கட்டணமும் கூடினால் உழவர் என்ன செய்வார் என்பதற்கு 1970களின் வரலாறு விடை சொல்கிறது. 1970இல் விவசாய மின்கட்டணம் யூனிட்டுக்கு 8 பைசாவிலிருந்து 10 பைசாவாக உயர்த்தப்பட்டபோது உழவர் தலைவர் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் கோவை வட்டாரத்தில் எழுந்த போராட்டம் பெருமாநல்லூரில் உயிர்ப்பலி கண்டது. அதன் பின் ஒரு பைசா குறைக்கப்பட்டது. 1972இல் கட்டணத்தை 12 பைசாவாக உயர்த்த முற்பட்டபோது போராட்டம் மாநிலம் முழுவதும் பரவியது. அந்த ஆண்டு ஜூலை 5 அன்று சேலம் மாவட்டத்தில் ஆத்தூருக்கு அருகிலுள்ள பெத்தநாயக்கன்பாளையத்தில் காவல்துறை சுட்டதில் உழவர்கள் மடிந்தார்கள். அந்த நாளை உழவர் அமைப்புகள் இன்றும் உழவர் தினமாக நினைவுகூர்கின்றன. சில பைசாவுக்காக எழுந்த போராட்டம் என்று அதைச் சுருக்குவது அநீதி. கிணற்றை ஆழப்படுத்தக் கடன் வாங்கி, மோட்டாருக்குக் கடன் வாங்கி, ஒவ்வோர் ஆண்டும் அதே நீருக்குக் கூடுதல் யூனிட்டுகள் செலவழித்துக்கொண்டிருந்த ஒருவருக்கு, கட்டண விகிதம் கால்பங்கு கூடினால் பில் தொகை அதற்கும் மேலாகக் கூடியது.

போராட்டங்களின் நீண்ட விளைவு கட்டணத்தின் அளவு மாறியதைவிட அதன் வடிவம் மாறியதில் இருந்தது. 1984இல் சிறு விவசாயிகளுக்கு மின்சாரம் இலவசமாக்கப்பட்டு, மற்றவர்களுக்கு யூனிட் கணக்கு கைவிடப்பட்டு, மோட்டாரின் குதிரைத்திறனுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்ற நிலைக்கட்டணம் வந்தது. 1990இல் விவசாயிகள் அனைவருக்கும் மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்பட்டது. நிலைக்கட்டணத்தோடு மீட்டரும் பொருளிழந்தது. அன்றுமுதல் பம்புசெட்டுகள் எத்தனை யூனிட் எடுக்கின்றன என்பதை மின்வாரியம் மாதிரி மீட்டர்களைக் கொண்டு மதிப்பிடுகிறதே தவிர, ஒவ்வோர் இணைப்பிலும் அளப்பதில்லை. மானியத்தால் உழவர்கள் நீரை வீணடித்தார்கள் என்ற குற்றச்சாட்டு நகரத்தில் அடிக்கடி கேட்கக்கூடியது; அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் விளைபொருளின் விலையை மலிவாக வைத்திருக்க விரும்பிய சமுதாயம் தன் உணவுச் செலவின் ஒரு பகுதியை மின்வாரியத்தின் கணக்கில் எழுதிக்கொண்டது என்பதும் அதே அளவு உண்மை. வருங்காலத் தேவையைக் கணிக்க வேண்டிய பொறியாளருக்கு இதனால் ஏற்பட்ட இழப்பு வேறானது: இந்தச் சமவெளியின் மிக முக்கியமான பயன்பாடுகளுள் ஒன்று பதிவேட்டில் அளவாக இல்லாமல் மதிப்பீடாக மாறியது.

விலை மறைந்த இடத்தில் நேரம் விலையின் வேலையைச் செய்யத் தொடங்கியது. பம்பு மோட்டார் ஓட மும்முனை மின்சாரம் வேண்டும். மூன்று கம்பிகளிலும் மின்சாரம் இருக்கும் நிலையையே அவ்வாறு சொல்கிறோம். வீட்டு விளக்குக்கு ஒருமுனை போதும். ஆகவே மின்வாரியம் பகலில் ஆறு மணி நேரமும் இரவில் மூன்று மணி நேரமும் மும்முனை கொடுத்து, மற்ற நேரங்களில் ஒரு முனையை நிறுத்தி, விளக்கை எரியவிட்டு மோட்டாரை ஓடவிடாமல் தடுத்துவந்தது. உழவர்கள் இதற்கு இரண்டு வழிகளில் பதில் சொன்னார்கள். ஸ்டார்ட்டரில் ‘ஆட்டோ’ கருவியைப் பொருத்தி, மும்முனை வந்த கணமே மோட்டார் தானாக ஓடும்படி செய்தார்கள். இதனால் ஒரு டிரான்ஸ்பார்மரின் கீழ் உள்ள மோட்டார்கள் எல்லாம் ஒரே நொடியில் கிளம்பி, மின்னழுத்தம் சரிந்து, காயில்கள் கருகின. வேறு சிலர் கண்டென்சரை இணைத்து, இரண்டு முனையிலேயே மூன்று முனை மோட்டாரை ஓட்டினார்கள். அது மின்கம்பியில் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துச் சேதாரத்தைக் கூட்டியது. நாளெல்லாம் பரவியிருக்க வேண்டிய தேவை சில மணி நேரத்திற்குள் நெருக்கப்பட்டதால், மின்நிலையங்களும் துணைமின்நிலையங்களும் மொத்தப் பயன்பாட்டுக்காக இல்லாமல் அந்த நெரிசலுக்காகக் கட்டப்பட வேண்டியிருந்தது.

மேட்டூரின் பெருந்தொழில் இதற்கிடையே வேறொரு பாடத்தைக் கற்றுத்தந்தது. இத்தாலியின் மான்டேகட்டினி நிறுவனத்தின் கூட்டுறவோடு 1960இல் தோன்றி 1965இல் உற்பத்தியைத் தொடங்கிய மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் கிடைத்த பாக்சைட்டை மூலமாகக் கொண்டது. அலுமினியம் ஒரு டன்னைப் பிரிக்க ஏறத்தாழ 15,000 யூனிட் மின்சாரம் வேண்டும். ஆண்டுக்கு 25,000 டன் என்ற அளவுக்கு விரிந்த ஆலை இடைவிடாமல் ஓட 40 மெகாவாட்டுக்கும் மேல் வேண்டும் என்று கணக்கிடலாம். மேட்டூர் அணையின் பழைய மின்நிலையம் அன்று முழுத்திறனில் தந்ததே அவ்வளவுதான். 1965-66இல் 200 மெகாவாட் சுரங்க மின்நிலையம் மேட்டூரில் வந்திருந்தும், பருவமழை பொய்த்த ஆண்டுகளில் மின்வெட்டின் முதல் அடி இந்த ஆலையின் மேல் விழுந்தது. அலுமினியம் பிரிக்கும் தொட்டிகளில் மின்சாரம் சில மணி நேரம் நின்றால் உலோகம் உறைந்து தொட்டியே பாழாகிவிடும். மின்வெட்டையும் ஏறிய கட்டணத்தையும் தாங்க முடியாமல் 1991இல் ஆலை மூடப்பட்டது. 1995இல் ஸ்டெர்லைட் குழுமத்தின் கைக்கு மாறி, 1999இல் நிலக்கரியால் இயங்கும் சொந்த மின்நிலையத்தை அமைத்துக்கொண்டது. உலகச் சந்தையில் உலோக விலை சரிந்த 2008இன் இறுதியில் அலுமினியம் பிரிக்கும் பிரிவு நின்றது. தேவை ஒன்று மின்கட்டமைப்பில் பிறந்து, அதன் நம்பகமின்மையால் அதை விட்டு வெளியேறி, கடைசியில் அதற்குத் தொடர்பில்லாத காரணத்தால் மறைந்த இந்த வரலாற்றை, பெரிய ஆலைகளின் தேவையை நேர்கோட்டில் நீட்டிக் கணக்கிடுவோர் மனதில் கொள்வது நல்லது.

மேட்டூர் அனல்மின் நிலையத்தின் நான்கு 210 மெகாவாட் அலகுகள் 1987க்கும் 1990க்கும் இடையே இயங்கத் தொடங்கியதும், ஆற்றின் பருவத்தோடு மின் உற்பத்திக்கு இருந்த கட்டு தளர்ந்தது. அதே காலத்தில் சிறுதொழில்கள் பரவின. இரண்டாம் உலகப் போரின்போது மலாயாவிலிருந்து வந்த ஜவ்வரிசி நின்றுபோனதை அடுத்து 1940களில் சேலத்தில் பிறந்த சேகோ தொழில், குச்சிக்கிழங்கு விளையும் ராசிபுரம், நாமக்கல், ஆத்தூர் வட்டாரங்களில் வேரூன்றியது. கிழங்கை அரைக்கவும் மாவைப் பிரிக்கவும் குருணையை உருட்டவும் மோட்டார்கள் ஓடின. பின்னாளில் ஆலையின் புளித்த கழிவுநீரை மூடிய கலன்களில் தேக்கி, அதில் எழும் எரிவாயுவைக் கொண்டு இயந்திரம் ஓட்டித் தங்கள் மின்சாரத்தின் பெரும்பகுதியைத் தாங்களே உண்டாக்கிக்கொள்ளச் சில ஆலைகள் கற்றுக்கொண்டன. துர்நாற்றத்திற்கும் நீர்மாசுக்கும் எதிரான கெடுபிடி, எதிர்பாராத விதமாக மின்கட்டமைப்பின் சுமையையும் குறைத்தது. குமாரபாளையம், பள்ளிபாளையம், இளம்பிள்ளை, ஜலகண்டாபுரம் ஆகிய ஊர்களின் விசைத்தறிக் கூடங்களில் இதற்கு மாறான போக்கு. அரைக் குதிரைத்திறன் அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட மோட்டாரில் ஓடிய நாடா தறிகளின் இடத்தில், பல மடங்கு மின்சாரம் கேட்கும் ரேப்பியர் போன்ற நாடாவற்ற தறிகள் மெல்ல நுழைகின்றன. 2006இல் இரண்டு மாதங்களுக்கு 500 யூனிட் என்று விசைத்தறிக்குத் தொடங்கிய இலவசம் 2016இல் 750 ஆகவும் 2023இல் 1,000 ஆகவும் உயர்ந்தது. இந்த எல்லையும் சிறு கூடங்கள் எத்தனை தறி ஓட்டுகின்றன என்பதைத் தீர்மானிப்பதில் பங்கு கொள்கிறது.

நாமக்கல்லின் கோழிப்பண்ணைகள் தனியாகப் பேசத்தக்கவை, ஏனெனில் தேவையின் நுட்பம் அங்கே கண்கூடாகத் தெரிகிறது. முட்டைக்கோழி ஒழுங்காக முட்டையிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 மணி நேரம் வெளிச்சம் வேண்டும். ஒளி மூளையைத் தூண்டி முட்டை உருவாக்கத்தை நடத்துகிறது. மார்கழியில் இப்பகுதியின் பகல் பதினொன்றரை மணி நேரத்திற்கும் குறைவு. ஆகவே விடியலுக்கு முன்னும் அந்திக்குப் பின்னும் சேர்த்து நான்கைந்து மணி நேரம் கொட்டகையில் விளக்கு எரிய வேண்டும். அந்த நேரத்தில் மின்சாரம் நின்றால் அடுத்த நாட்களில் முட்டையின் எண்ணிக்கை குறையும். 1970களில் வேர்விட்டு இன்று 4 கோடிக்கும் மேற்பட்ட கோழிகளாகப் பெருகிய இத்தொழிலில், தொடக்கத்தில் 40 வாட், 60 வாட் குண்டு பல்புகள் வரிசையாகத் தொங்கின. அவற்றை முதலில் சி.எஃப்.எல். விளக்குகளும் பிறகு 9 வாட் எல்.இ.டி. விளக்குகளும் அகற்றியபோது, கோழிகள் பெருகிக்கொண்டிருந்த ஆண்டுகளிலேயே விளக்கு ஒன்றுக்கான தேவை நான்கில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. ஆனால் கோடை வெப்பம் கடுமையாகிவருவதால், பக்கங்கள் திறந்த பழைய கொட்டகைகளுக்குப் பதிலாக, நனைந்த அட்டைத் தடுப்புகள் வழியாகக் காற்றை இழுத்து, பெரிய விசிறிகளால் வெளியேற்றும் மூடிய கொட்டகைகள் எழுகின்றன. அவற்றில் மின்சாரம் சிறிது நேரம் நின்றாலும் கோழிகள் மூச்சுமுட்டி மடியும். எனவே தேவை கூடுவதோடு, ஒரு நிமிடமும் தடைபடக் கூடாத தேவையாகவும் மாறுகிறது. விளக்கில் மிச்சமானது விசிறியில் திரும்பிவருகிறது.

2008 முதல் ஏழு ஆண்டுகள் தமிழகத்தை வாட்டிய மின்பற்றாக்குறை, தேவைக் கணக்கு எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதைக் காட்டியது. உயரழுத்த ஆலைகளுக்கு 40 விழுக்காடு வெட்டு விதிக்கப்பட்டது; 2012இல் சென்னைக்கு வெளியே நாளில் பாதிக்கும் மேல் மின்சாரம் இல்லாத நாட்கள் சாதாரணமாயின. தறிகள் நின்றன, பண்ணைகள் டீசல் ஜெனரேட்டரை நம்பின. துணைமின்நிலையப் பதிவேட்டில் அந்த ஆண்டுகளின் தேவை தாழ்ந்தே காணப்படும். அது தேவையின் பதிவு அல்ல, கொடுக்கப்பட்டதன் பதிவு. வாங்க விரும்பியும் கிடைக்காமல் போனதைப் பொறியாளர்கள் முடக்கப்பட்ட தேவை என்பார்கள். அதைக் கணக்கில் சேர்க்காத எந்த நீட்சிக்கோடும் மின்சாரம் திரும்பிய ஆண்டுகளில் பொய்த்துப்போகும்.

வீடுகளின் தேவையிலும் அரசின் கை தெரிகிறது. 2006இல் வண்ணத் தொலைக்காட்சி, 2011இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, 2016இல் இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசம் என்ற வரிசை, வருமானம் உயர்வதற்கு முன்பே கருவிகளை வீட்டுக்குள் கொண்டுவந்தது. 2024 கோடையில் சேலம், ஈரோடு, கரூர் பரமத்தி ஆகிய இடங்களில் வெப்பம் 42 டிகிரி செல்சியஸைக் கடந்த நாட்களில், மே 2 அன்று மாநிலத்தின் உச்சத்தேவை, அதாவது ஒரே கணத்தில் எல்லோரும் சேர்ந்து கேட்கும் மிக அதிகத் திறன், 20,830 மெகாவாட்டை எட்டியது. குளிர்சாதனம் இரவிலும் ஓடுவதால் இந்தச் சுமையைச் சூரிய மின்சாரம் மட்டும் தாங்காது. பம்புசெட்டின் நிலை நேர்மாறானது: பயிருக்கு நீர் பகலில் பாய்ந்தால் போதும், ஆகவே வெயில் அடிக்கும் மணிகளுக்கு முழுமையாக நகர்த்தத்தக்க தேவைகளுள் பாசனம் முதன்மையானது. 2019இல் மத்திய அரசு தொடங்கிய குசும் திட்டத்தின் சூரிய பம்புகள் அந்த வழியைத் திறந்தன. 2021 ஏப்ரல் முதல் விவசாயத்திற்கு 24 மணி நேர மும்முனை மின்சாரம் என்ற அறிவிப்பு எதிர்த்திசையில் சென்றது. அதே ஆண்டு செப்டம்பரில், பல ஆண்டுகளாகக் காத்திருந்த விண்ணப்பங்களிலிருந்து ஒரு லட்சம் புதிய விவசாய இணைப்புகள் வழங்கும் திட்டமும் தொடங்கியது.

லாரித் தொழிலுக்கும் கூண்டு கட்டும் பட்டறைகளுக்கும் பெயர்பெற்ற நாமக்கல்லில், மின்சார லாரி பற்றிய பேச்சும் எழுந்திருக்கிறது. பெரும் சுமையேற்றிய மின்சார லாரி ஒரு கிலோமீட்டருக்கு ஒரு யூனிட்டுக்குக் குறையாமல் எடுக்கும். ஒரு குடும்பம் இரண்டு மாதங்களுக்குக் கட்டணமின்றிப் பெறும் 100 யூனிட்டை அது நூறு கிலோமீட்டருக்குள் தீர்த்துவிடும். ஆயினும் நாமக்கல் பதிவெண் கொண்ட லாரிகள் ஓடுவது குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் என்பதால், அந்தச் சுமை உரிமையாளரின் ஊரில் ஏறாமல் நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் ஏறும். ஒரு மாவட்டத்தில் எத்தனை வாகனங்கள் பதிவாகியிருக்கின்றன என்பதைக் கொண்டு அம்மாவட்டத்தின் மின்தேவையைக் கணிப்போர் இங்கே தவறிவிடுவர்.

அண்மைக்கால மாற்றங்களுள் இச்சமவெளியின் வரலாற்றோடு மிக நெருங்கியது சரபங்கா நீரேற்றுத் திட்டம். மேட்டூர் அணை நிரம்பி வழியும் நாட்களில் வெளியேறும் உபரிநீரைத் திப்பம்பட்டி நீரேற்று நிலையத்திலிருந்து பெரிய மோட்டார்களால் உயர்த்தி, சேலம் மாவட்டத்தின் 100 வறண்ட ஏரிகளுக்கு அனுப்பும் இத்திட்டத்திற்கு 2020 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டு, முதல் கட்டம் 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. நீர் அணையிலிருந்து வந்தாலும் அதை மேலேற்றும் சுமை மின்கட்டமைப்பின் மேல் விழுகிறது. ஏரி நிரம்பினால் அதைச் சுற்றியுள்ள கிணறுகளில் நீர்மட்டம் ஏறும். 600 அடியிலிருந்து நீர் எடுத்த மோட்டார், கிணற்றில் நீர் நிற்கும் மாதங்களில் 60 அடியிலிருந்து எடுத்தால், அதே நீருக்குப் பத்தில் ஒரு பங்கு மின்சாரம் போதும். நீரேற்று நிலையம் செலவழிக்கும் யூனிட்டுகளுக்கும் கிணறுகளில் மிச்சமாகும் யூனிட்டுகளுக்கும் ஒரே கணக்கு எழுதப்பட வேண்டும். ஆனால் முன்னது உயரழுத்த மீட்டரில் யூனிட் யூனிட்டாகப் பதிவாகி மாதந்தோறும் பில்லாக வருகிறது, பின்னது மீட்டர் இல்லாத ஆயிரக்கணக்கான இணைப்புகளில் பதிவின்றிப் போகிறது. ஏரிக்கரையை ஒட்டிய கிணறுகளுக்கு மின்சாரம் கொண்டுவரும் டிரான்ஸ்பார்மர்களிலாவது மீட்டர் பொருத்தி, ஏரி நிரம்பிய ஆண்டையும் வறண்ட ஆண்டையும் ஒப்பிட்டால், நீரைத் தேக்குவதற்குச் செய்யும் செலவில் எவ்வளவு மின்சாரமாகத் திரும்பிவருகிறது என்பதை உழவரும் மின்வாரியமும் ஒருசேரப் பார்க்க முடியும்.